கை நனைக்காமல் திரும்பிய ஊர்கள்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் குறைவு. செய்த தப்புகள் வேண்டுமானால் கைவசம் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். படிவம், அறிக்கை, புகைப்படம் இதையெல்லாம் அலுவலகத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா தண்ணீர்ச் சொம்போடு நிற்கும்போது என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை.

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. சிதம்பரத்தில் அரிசி வியாபாரம் செய்து நன்றாக வாழ்ந்த ஒரு குடும்பம், காலமான தகப்பனார் நினைவாக ஆரம்பித்தது. மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, ஓடும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி. கடலூரிலிருந்து கொள்ளிடக் கரை வரை இருக்கும் கிராமங்களுக்குச் சின்னச் சின்ன உதவிகள் கொடுத்து வந்தோம். படிப்பகத்துக்கு அலமாரி, பால்வாடிக்குச் சுற்றுச்சுவர், குளத்துக்குப் படிக்கட்டு. பெரிய நிறுவனங்கள் குனிந்து பார்க்காத காரியங்கள். ஊரே கூடி மனு எழுத வேண்டும். அதை எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். நான் நேரில் போய்ப் பார்த்து, தரலாம் அல்லது வேண்டாம் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் 2004இல் சேர்ந்தேன். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை, நான்கு மனிதர்களோடு பேச்சுத் துணையாகவாவது இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு.

சுனாமிக்கு அடுத்த வருடம். கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். படகும் வலையும் பெரிய நிறுவனங்கள் கொடுத்துக்கொண்டிருந்தன. வெயிலில் உட்கார்ந்து வலை சரிசெய்கிறோம், நிழலுக்கு ஒரு கூடம் போட்டுக் கொடுங்கள் என்று எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. கூடத்தைக் கிழக்குத் தெருவில் போடுவதா, மேற்குத் தெருவில் போடுவதா என்பதுதான் சிக்கல். காலையில் இரண்டு இடத்தையும் நடந்து பார்த்தேன். கிழக்குத் தெரு இடம் மேடு. மழைத் தண்ணீர் நிற்காது, படகுத் துறைக்கும் பக்கம். எனக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் கூட்டம், அதில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

மதியம் கிழக்குத் தெருக்காரர் ஒருவர், கலியபெருமாள் என்று பெயர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பசி வேளைல இப்படியே போவக் கூடாது சார். இருக்கறதத் தின்னுட்டுப் போவலாம், வாங்க.”

தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பாய். மடவை மீன் குழம்பு. கடலுக்குப் பாதி சாமானைக் கொடுத்துவிட்ட வீட்டில் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். மனைவி போன பிறகு, யாரோ பரிமாற நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான். இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

சாயங்காலக் கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேற்குத் தெருவிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“சார் எங்கன்னு சொல்லப் போறாருன்னு எங்களுக்குத் தெரியும். மத்தியானம் அவுங்க வூட்ல கை நனைச்சப்பவே முடிவு ஆயிடுச்சே.”

மேடு என்றேன், துறை பக்கம் என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. கலியபெருமாள் எழுந்து, “எங்கூட்டு மீனுக்கு ஒருத்தரு வெலை போறதா இருந்தா நாங்க ஏன்டா இப்படி இருக்கோம்?” என்று கத்தினார். கைகலப்பு வரை போனது. கூடம் கடைசிவரை கட்டப்படவில்லை. இறக்கி வைத்த மூங்கிலை மழையும் கறையானும் சாப்பிட்டன. சரியான முடிவுதான். சாப்பிட்ட கையோடு சொன்னதால் அதைத் தப்பான முடிவாக்கிவிட்டேன்.

அன்றைக்கே எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். மனு பார்க்கப் போகிற ஊரில் கை நனைப்பதில்லை. சோறு மட்டுமல்ல, டீ, மோர், பச்சைத் தண்ணீர் எதுவும் கிடையாது. அந்த அரிசி வியாபாரக் குடும்பத்து மகன்தான் எங்கள் தலைவர். அவரிடம் சொன்னபோது சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “இதுதாங்க நேர்மை” என்று சொல்லி, அதை அறக்கட்டளையின் விதிகளில் ஒன்றாகவே தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார்.

காலையில் நானே எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கிளறி ஒரு டப்பாவில் அடைத்துக்கொள்வேன். ஒரு தண்ணீர் பாட்டில். மதியம் ஊருக்கு வெளியே வந்து, வாய்க்கால் மதகு எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து சாப்பிடுவேன். மதகைத்தான் தேடுவேன். உட்கார வசதி, கை கழுவவும் தண்ணீர் ஓடும். இந்தத் தாலுக்காக்களில் எந்த மதகுக்கு எப்போது நிழல் விழும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அதை விசாரிக்கத்தான் ஆள் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் எனக்கு ‘கை நனைக்காத சார்’ என்று பெயர் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் வந்தால் எழுந்து நின்றார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை. ஒன்றும் சாப்பிடாத மனிதனிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? காரியம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும். சில நாட்கள் சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுதான் அன்றைக்கு நான் பேசிய முதல் சொந்தப் பேச்சு வரும். என் மனைவி யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே “ஒரு சொம்புத் தண்ணி குடும்மா” என்று கேட்பாள். தாகமே இருக்காது. பத்து நிமிடத்தில் அந்த வீட்டு அடுப்படியில் இருப்பாள். அவள் இருந்திருந்தால் என் விதியைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று மதகில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. நான் காலனியில் பிறந்தவன். ஸ்ரீமுஷ்ணத்துக்கு மேற்கே ஓர் ஊரின் காலனி. அப்பா தபால்காரர். அவர் கொடுத்த கடிதத்தை ஊர்த்தெருவில் சிலர் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொல்வார்கள். அவர் வைப்பார். நான் அதையெல்லாம் பார்த்துவிட்டுப் படிக்கப் போனேன், வேலைக்குப் போனேன், தெரு பெயரை யாரும் கேட்காத நகரங்களில் இருந்தேன். யாரிடமும் பொய் சொன்னதில்லை. கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். சிதம்பரத்து அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது. தலைவர் என்னைத் தன் ஆட்களில் ஒருவராகவே நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

2007இல் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு விவசாய ஊர். நெல்லும் கடலையும் காயப்போட ஒரு சிமெண்டுக் களம் கேட்டிருந்தார்கள். என் சொந்த ஊருக்கு இரண்டே நிறுத்தம் தள்ளி. உள்ளுக்குள் உதறலோடுதான் போனேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொண்டுவரச் சொன்னார். டம்ளர் என் முன்னால் வந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்குதே. எந்த ஊரு?”

“இந்தப் பக்கந்தாங்க.”

“சரி, ஊர்ல எந்தத் தெரு?”

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஜில்லாவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். டம்ளர் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சொன்னால் அந்த டம்ளர் திரும்பிப் போகுமா, போகாதா? ஒருவேளை போகாமலும் இருந்திருக்கலாம். நான் அந்தப் பரீட்சையை எழுதத் தயாராக இல்லை.

“மன்னிக்கணுங்க ஐயா. மனு பாக்கப் போற ஊர்ல நான் கை நனைக்கிறதில்ல.”

பெரியவர் அசந்துபோனார். “அடேயப்பா, மோருக்கே இப்படியா!” என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். தெரு மறந்துபோயிற்று. களத்துக்கு நான் ‘தரலாம்’ என்று எழுதினேன், கட்டினார்கள், இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே நிம்மதி. அந்த நிம்மதியைப் பற்றி அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நேர்மைக்காகப் போட்ட விதி என்னை ஒளித்துவைக்கவும் உதவுகிறது என்று தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு விதியை இன்னும் கறாராகக் கடைப்பிடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, புவனகிரி பக்கம் வெள்ளாற்றங்கரையில் ஒரு காலனியிலிருந்து மனு வந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு மதகு. மனுவில் கேட்டிருந்தது இதுதான்: பெரிய அண்டா இரண்டு, சோறு வடிக்கத் தட்டு, குழம்புக் குண்டான், கரண்டிகள், ஒரு தார்ப்பாய். மகளிர் குழுத் தலைவி அஞ்சலை. நடவு வேலைக்குப் போகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் வீட்டு வாசலில் குழு கூடி மனுவை வாசித்து முடித்ததும், ஏன் பாத்திரம் என்று கேட்டேன்.

“வாடகப் பாத்திரக் கட ஊர்த்தெருவுல இருக்கு சார். இல்லன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க. ‘அன்னிக்கு வேற வூட்டுக்குப் போவுதே’ன்னுவாங்க. எங்க வூட்டு விசேஷமெல்லாம் எப்படித்தான் தேடிப் புடிச்சி வேற வூட்டு விசேஷ நாளுலயே வருதோ தெரியல.”

பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

“தையில எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. சம்மந்தி வூட்டுக்காரங்க முன்னால, எரவல் சட்டியில ஆக்கிப் போட்டேன்னு பேரு வரக் கூடாது. அதுக்கு முன்ன வந்தா நல்லாருக்கும்.”

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் அக்கா கல்யாணத்தில் பதினோரு வீட்டுப் பானைகளில் சோறு வடித்தோம். ஒரு பானை குழைந்துபோயிற்று, ஒரு பானை வேகவில்லை. பந்தியில் யாரோ சிரித்தார்கள். அக்கா இன்றைக்கும் அந்தச் சிரிப்பைச் சொல்வாள். ஆனால் அஞ்சலையிடம் நான், “சரிம்மா, பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் வீட்டுக்குள் போனார். உள்ளே ஏதோ குசுகுசுவென்று பேச்சு, பிறகு ஒரு சிரிப்பு. வெளியே வந்தபோது கையில் பளபளவென்று விளக்கிய பித்தளைச் சொம்பு. முகம் முழுக்கச் சந்தோஷம்.

“தண்ணி குடிங்க சார்.”

“வேண்டாம்மா.”

“சும்மா குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.”

“இல்லம்மா, பழக்கமில்ல.”

விதி என்று சொல்லியிருக்கலாம். எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வேன். அன்றைக்கு என்னவோ, பழக்கமில்லை என்று வாயில் வந்துவிட்டது. அஞ்சலையின் முகம் மாறியது.

“கடையிலேர்ந்து கலரு வாங்கியாரவா? மூடி போட்ட பாட்டலு. யாரும் கை வெச்சிருக்க மாட்டாங்க.”

அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். காலனிக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு மூடி போட்ட பாட்டில் வாங்கித் தருவது எங்கள் தெருவிலும் நடந்ததுதான். சின்ன வயதில் அந்த பாட்டில் வாங்க ஓடியவன் நான். ஆனால் என்மேல் அப்படி ஒரு சந்தேகம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் யார் என்று எனக்குத் தெரியுமே! அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நேரே போய் மதகில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் உட்கார்ந்து தயிர்ச் சாதம் சாப்பிட்டேன். காலனிப் பக்கம் நாலைந்து பெண்கள் நின்று என்னைப் பார்த்தது தெரிந்தது. எல்லா ஊரிலும் பார்ப்பார்கள், அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் அந்த மனுவுக்காகச் சண்டை போட்டேன். “கல்யாணச் சாப்பாட்டுக்கெல்லாமா கொடுக்கிறது? படிப்பு, வைத்தியம்னு ஏதாவது கேட்கச் சொல்லுங்க” என்றார் தலைவர். ஒரு தெருவுக்குச் சொந்தமாக ஓர் அண்டா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் பேசினேன். பதினோரு பானைக் கதையையும் சொன்னேன், ‘ஒரு ஊரில் பார்த்தேன்’ என்று. கடைசியில் தலைவர் இறங்கிவந்தார். பாத்திரத்தில் தகப்பனார் பெயரை வெட்ட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. அனுமதிக் கடிதம் போயிற்று. அன்றைக்கு மாதிரி ஒரு நாள் நான் அந்த வேலையில் சந்தோஷப்பட்டதில்லை.

பத்து நாள் கழித்து அஞ்சலை சிதம்பரத்துக்கு வந்தார். மாடி ஏறி வந்த மூச்சோடு அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். எதிர் மேசையில் தலைவர் இருந்தார்.

“இது வேணாம் சார்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“எங்க வூட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆவல. ஒங்க அண்டாவுல நாங்க ஆக்கித் தின்னா எங்களுக்கு மட்டும் ஆவுமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவர் முந்திக்கொண்டார்.

“அம்மா, அவர் யார் வீட்டிலும் குடிக்க மாட்டாரும்மா. அது எங்க விதி. பெரிய பெரிய வீட்டிலேயே குடிச்சதில்ல.”

“பெரிய வூட்டுல குடிக்காம வந்தா அது பெரும சார். எங்க வூட்டுல குடிக்காம வந்தா அதுக்கு வேற பேரு.”

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. தலைவரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“நீங்க எதுனா சொல்லணுமா சார்?”

மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. நானும் காலனிதாம்மா என்று இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் அஞ்சலைக்கு அண்டா உண்டு, அவர் பெண் கல்யாணம் தலைநிமிர்ந்து நடக்கும். ஆனால் எதிர் மேசையிலும் அது கேட்கும். தலைவர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட மாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்த நாளிலிருந்து கொஞ்சம் கூடுதல் அன்பாக இருப்பார். அந்தக் கூடுதலை என்னால் தாங்க முடியாது என்று பட்டது. இதையெல்லாம் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவ்வளவு நேரமும் அந்த அம்மா பொறுமையாக நின்றார்.

“விதிதாம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

“சரி சார்” என்றார். படியிறங்கும் சத்தம் கேட்டது.

“உங்கள மாதிரி ஆளுங்க கஷ்டம் இவங்களுக்கு எங்க புரியும்?” என்று தலைவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த வருடத்துக் கணக்கை முடிக்கும் கடைசிக் கூட்டம் அன்று மாலைதான். பாத்திரத்துக்கு ஒதுக்கியது ஒரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்குப் போயிற்று. பெஞ்சும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் வேறு ஊருக்குப் போகும்போது பஸ் அந்த மதகைத் தாண்டிப் போனது. காலனியில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தெரு நெடுக வரிசையாகக் கல் வைத்துச் சின்னச் சின்ன அடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவில் ஒரு பாத்திரம். பெண்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கவில்லை. என்னை யார் அழைத்தார்கள்? அடுத்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை. போக வேண்டிய ஊரையும் தாண்டிப் போய், கடைசி நிறுத்தத்தில்தான் இறங்கினேன்.

உங்களில் யாராவது கேட்பீர்கள்: சரி சார், நாங்கள் குடிக்கலாமா, கூடாதா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கிள்ளையில் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். ஆனால் ஊருக்குள் நுழையும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். சொம்பு வெளியே வந்த பிறகு சொன்னால் அது விதியாக இருக்காது. இன்னொன்று, வருடத்துக்கு ஒரு தடவையாவது, இந்த விதி யாருக்கு வசதியாக இருக்கிறது என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். எனக்கு வசதியாக இருந்தது. அதனால்தான் அதைச் சந்தேகப்படாமலே இருந்தேன்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. மரமெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் ஜில்லாவே இருட்டில் கிடந்தது. வருடம் பிறந்ததும் தார்ப்பாய் கொடுக்க ஊர் ஊராகப் போனோம். எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். பட்டியலில் அந்தக் காலனியும் இருந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, நானே போனேன்.

பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. தெருவின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக உலை கொதித்துக்கொண்டிருந்தது. பெரிய அண்டா, புதுசு. விளிம்பில் மகளிர் குழுவின் பெயரை வெட்டியிருந்தார்கள். எங்கள் தலைவரின் தகப்பனார் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம். நடவுக் கூலியில் வாரா வாரம் பிடித்து அவர்களே வாங்கியிருக்கிறார்கள். அஞ்சலை துடுப்பு மாதிரி இருந்த ஒரு கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். தார்ப்பாய்களை இறக்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். புகை கண்ணில் பட்டது.

“பொண்ணு நல்லாருக்காம்மா?”

“இருக்கா சார். கையில ஒரு புள்ள.”

“அஞ்சலம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் காலனிதான். ஸ்ரீமுஷ்ணம் தாண்டி...”

“தெரியும் சார்.”

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

“எப்ப தெரியும்?”

“அன்னிக்கேதான். எம் மருமவ ஒங்க தெரு. கதவாண்ட நின்னு பாத்துட்டு, ‘போஸ்ட்மேன் வூட்டு அண்ணன் அத்த இது’ன்னு உள்ள வந்து சொன்னா. எனக்கு நெலகொள்ளல. நம்ம புள்ள ஒருத்தரு ஆபீசரா வந்து நம்ம வாசல்ல ஒக்காந்துகிட்டு இருக்காருன்னு. அதான் கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிருந்த சொம்பக் கழுவிக் கொண்டாந்தேன்.”

அவர் கிளறிக்கொண்டே தொடர்ந்தார்.

“வேற ஆளு குடிக்கலன்னா எங்களுக்குப் பழக்கம் சார். பாட்டலு வாங்கிக் குடுத்து அனுப்பிடுவோம், மனசுல ஒண்ணும் நிக்காது. நம்ம ஆளு வேணாம்னா அதுக்கு என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. அதான் ஆபீசுக்கே வந்து நின்னேன். அங்கயாவது வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். எதுனா சொல்லணுமான்னு கேட்டனே, ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்று தலையாட்டினேன். அண்டாவுக்காக அல்ல, எனக்காகத்தான் அந்த அம்மா பஸ் ஏறி, மாடி ஏறி வந்திருக்கிறார். அவ்வளவு நேரம் காத்திருந்தது எனக்காகத்தான். இரண்டு வருடமாக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்ததோ, அவர் என்னை வேற்று ஆள் என்று தப்பாக நினைத்துவிட்டாரே என்பதற்கு.

பையில் பாட்டில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.”

அஞ்சலை அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. களைப்பு மட்டும்தான்.

“கொடம் அங்க இருக்கு சார், மொண்டு குடிங்க. எடுத்துக் குடுக்க இங்க யாரு சும்மா இருக்கா?”

உண்மைதான். ஒருத்தர் அரிசி களைந்தார், ஒருத்தர் விறகு பிளந்தார், கூரைமேல் இரண்டு பேர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்து கிடந்த வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் குடம் இருந்தது, மேலே ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கவிழ்த்திருந்தது. மொண்டேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. இரண்டாவது டம்ளரும் மொண்டு குடித்தேன்.

முப்பது வருடமாக யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தே வாழ்ந்தவன் நான். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தேன். அவரவர் வேலையில் இருந்தார்கள். ஒருத்தராவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.